கல்யாண ஜெனரேட்டரை எதில் கட்டி இழுப்பது? செட்டிநாட்டுச் சாலைகளுக்கு டீசல் பிக்கப் தேர்வு

செட்டிநாட்டில் டிரெய்லர் இழுக்கவென்று பிக்கப் தேடுபவர்களின் சுமை பெரும்பாலும் மூன்று வகைதான். கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற சைலன்ட் ஜெனரேட்டர் ஒன்று. தண்ணீர் டேங்க் இன்னொன்று. மூன்றாவது, இடித்த வீட்டிலிருந்து வரும் கல்தூணும் தேக்கு உத்தரமும், புது வீட்டுக்குப் போகிற ஆத்தங்குடிக் கல்லும் (தரையில் பதிக்கும் சிமென்ட் ஓடு). மூன்றுக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று ஷோரூமில் சொல்வார்கள், குதிரைத்திறனைக் காட்டுவார்கள். காரைக்குடியைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு ஏற வேண்டிய மலை எதுவும் இல்லை. இங்கே பிக்கப்பைத் திணற வைப்பவை வேறு: கண்மாய்க் கரையில் சுமையோடு நின்று கிளம்புவது, சந்தை நாளில் திடீரென்று குறுக்கே வரும் ஆட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் நிறுத்துவது, இரண்டு டன்னை இழுக்கும் கொக்கி நாலு வருஷம் தாங்குவது. இந்த மதிப்பீடு அந்த மூன்றையும் வைத்துத்தான்.

முதலில் எடை. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோவுக்கு மேல். அடிக்கு அடி கனத்தில் பத்தடித் தூண் ஒன்று முக்கால் டன். நாலு தூண் மூன்று டன். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலத் தடிமன் என்றால் சதுர அடிக்கு ஏறக்குறைய 4 கிலோ. ஐந்நூறு சதுர அடிக் கூடத்துக்கான கல், பார்வைக்குச் சின்னக் குவியல்தான், இரண்டு டன் வரும். தேக்கு இவற்றோடு ஒப்பிட்டால் பஞ்சு, கன அடிக்கு 18, 19 கிலோ. அதில் தொல்லை எடை அல்ல, நீளம். 62.5 கே.வி.ஏ. (மின்திறன் அளவு) ஜெனரேட்டர் கூண்டோடு ஒன்றரை டன் பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதன் தகட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கிற டேங்கில் 120 லிட்டர் டீசல் ஊற்றினால் இன்னும் 100 கிலோ. கேபிள் சுருள், சேஞ்ச்-ஓவர் பெட்டி, டிரெய்லரின் சொந்த எடை என்று கூட்டினால் இரண்டேகால் டன்னைத் தொட்டுவிடும். ஒன்றரை டன்தானே என்று நினைத்து வண்டி வாங்குபவர்கள் சறுக்குவது இந்த முக்கால் டன்னில்.

அதனால் வண்டி பார்க்கப் போகும் முன் டிரெய்லரை எடை மேடைக்குக் கொண்டு போங்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் இருக்கிற இடத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. இழுக்கிற வண்டி எதுவாக இருந்தாலும் சரி, டிராக்டராகக்கூட இருக்கலாம். டிரெய்லரை மேடையில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, முன்கால் ஜாக்கில் தாங்கவிட்டு எடை எடுத்தால் டிரெய்லரின் முழு எடை தெரியும். அடுத்து இழுவை வண்டியை மட்டும் தனியாக ஏற்றி எடை எடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும்படி வைத்து மறுபடி எடை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் அமரும் பாரம். மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், அது போதும்.

இந்தக் கொக்கிப் பாரம் மொத்த டிரெய்லர் எடையில் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டும். பத்துக்கு மேலே போனால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் காகிதம் மாதிரி ஆகும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.09 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 150 கிலோ அமர்ந்தால் பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, 208 கிலோ. அந்த 58 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்படுகிறது. டிரெய்லர் மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் முன்சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்தால் இது கண்ணுக்கே தெரியும். இரண்டு செ.மீ.க்கு மேல் தூக்கினால் ஜெனரேட்டரை டிரெய்லரில் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஜெனரேட்டரில் எஞ்சின் இருக்கும் பக்கம்தான் கனம். டிரெய்லர் செய்யும்போதே போல்ட் ஓட்டைகளை நீளவாக்கில் இரண்டு மூன்று இடத்தில் போட்டு வைத்தால் பின்னால் நகர்த்த வசதி.

எடை தெரிந்துவிட்டதா? இப்போது ஒரு கேள்வி. அந்தச் சுமை போன இடத்தில் இறக்கி விட்டுவிட்டு வண்டி திரும்ப வேண்டியதா, இல்லை ஏற்றி இறக்குவதா?

கல்லும் மரமும் ஏற்றி இறக்குகிற சாமான். அதற்கு டிரெய்லரே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி. 2.0, டாடா யோதா 2.0 இரண்டும் முதுகிலேயே இரண்டு டன் சுமக்கிற வண்டிகள். பொலேரோ மேக்ஸில் பத்தடி நீளச் சுமைத்தொட்டி கிடைக்கிறது. தூண் உள்ளேயே படுக்கும். யோதாவின் 2.2 லிட்டர் எஞ்சின் 100 குதிரைத்திறன், முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். விலை ஹைலக்ஸில் மூன்றில் ஒரு பங்கு பக்கம்தான் வரும். தேவகோட்டையோ திருப்பத்தூரோ, எந்த ஊரில் படுத்தாலும் கை வைக்க மெக்கானிக் உண்டு. ஆத்தங்குடியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு லோடு கல் எடுப்பவர் பெரிய பிக்கப்பும் டிரெய்லரும் வாங்குவது வீண் செலவு. கல்லை ஏற்றும்போது ஒன்று மட்டும் கவனம்: ஆத்தங்குடிக் கல்லைப் படுக்கவைத்து அடுக்கினால் அடிக்கல் விரிசல் விடும். நிறுத்திவைத்து, முகத்தோடு முகம் பார்க்க, இடையில் வைக்கோலோ அட்டையோ கொடுத்து, கேபினை ஒட்டி அடுக்க வேண்டும். பாரம் முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால் போகக் கூடாது.

ஜெனரேட்டர் அப்படியல்ல. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கொண்டு போய் நிறுத்தினால் மறுநாள் சாயங்காலம்தான் எடுப்போம். இடையில் அதே வண்டி இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். பிக்கப் முதுகில் ஏற்றினால் ஒவ்வொரு இடத்திலும் ஹைட்ரா கிரேன் கூப்பிட வேண்டும், வாடகை அங்கேயே கரைந்துவிடும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்வதால் டிரெய்லரைப் பின் தெருவில் விட்டுவிடலாம். சத்தமும் புகையும் வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) வராது. டிரெய்லர் தேவைப்படுவது இந்த வேலைக்குத்தான், இதற்குத்தான் இழுவைத் திறனுள்ள பிக்கப்.

சந்தையில் இருப்பவற்றில் இந்த வேலைக்கு நிஜமாகப் பொருந்துபவை இரண்டு: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ்.

இரண்டையும் பற்றிப் பேசுமுன் எல்லோரும் காட்டுகிற அந்த 3,500 கிலோ கணக்கு. ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் ஹைலக்ஸுக்கும், பிரிட்டனில் 1.9 லிட்டர் டி-மேக்ஸுக்கும் இழுவைத் திறன் 3,500 கிலோ என்று கம்பெனியே போட்டிருப்பது உண்மை. ஆனால் அது டிரெய்லரில் பிரேக் இருந்தால். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே கம்பெனி, அதே வண்டிக்கு, 750 கிலோதான் தருகிறது. எஞ்சின் மாறவில்லை, சேஸிஸ் மாறவில்லை; டிரெய்லரில் பிரேக் இல்லை என்பதற்காக 2,750 கிலோ குறைகிறது. நம் பக்கம் பட்டறையில் பழைய ஜீப் அச்சை வைத்துச் செய்கிற டிரெய்லரில் பிரேக் டிரம் இருக்கும், அதை அழுத்த லீவரோ கேபிளோ இருக்காது. அப்படிப்பட்ட டிரெய்லருக்கு ஹைலக்ஸ் வாங்கினாலும் முக்கால் டன்தான் கணக்கு. வெளிநாட்டு எண் இந்திய வண்டிக்குக் கொடுத்த அனுமதியும் அல்ல. இங்கே விற்கிற மாடலின் கையேட்டில் டிரெய்லர் பகுதியைப் படித்து, டீலரிடம் எத்தனை கிலோ என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு எடையும் உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் வெற்று எடை, சுமையோடு மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்தால் வருவதுதான் அந்த வண்டி சுமக்கலாம் என்கிற எடை. ஹைலக்ஸிலும் வி-கிராஸிலும் அது அரை டன்னை எட்டாது. தொட்டியைப் பார்த்தால் ஒரு டன் போடலாம் போலத் தெரியும். கொக்கிப் பாரம் இந்தக் கணக்கில்தான் சேரும். டிரைவரோடு ஐந்து ஆட்கள் ஏறினால் 350 கிலோ, கொக்கியில் 150, கேபிள் சுருளைத் தொட்டியில் எறிந்தால் முடிந்தது கதை. கேபிளை டிரெய்லரிலேயே, அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். எலெக்ட்ரீஷியன்கள் பைக்கில் வரட்டும்.

ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். மேனுவல் கியரில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. இந்த எண்களில் நாம் பார்க்க வேண்டியது உச்சத்தை அல்ல, அது எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதை. மேனுவலில் நிமிஷத்துக்கு 1,400 சுற்றிலேயே முழு முறுக்குவிசை கைக்கு வந்துவிடுகிறது. வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். அது 2,000 சுற்றில்தான் வரும். ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. திருமயம் தாண்டித் திருச்சிச் சாலையில் அறுபதில் போகும்போது இரண்டு வண்டியும் ஒன்றுதான், டீசல் செலவில் வி-கிராஸ் கொஞ்சம் சிக்கனமும்கூட. வித்தியாசம் தெரிவது கண்மாய்க் கரையில். வண்டியும் டிரெய்லருமாக நாலேகால் டன், பத்தடிக்கு ஓரடி ஏற்றம், செம்மண். கிளம்ப மட்டும் அறுநூறு கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும். வி-கிராஸ் மேனுவலில் எஞ்சினை 2,000-க்கு ஏற்றி கிளட்சை வழுக்கவிட்டால்தான் அது கிடைக்கும். ஒரு தடவை செய்தால் ஒன்றுமில்லை. ஒரே ஏற்றத்தில் மூன்று தடவை நின்று கிளம்பினால் கருகிய வாடை கேபினுக்குள் வரும். அப்போதே லோ ரேஞ்சுக்கு, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் 4எல் நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும். 4எல் போட்டால் அதே எஞ்சின், அதே கியர், சத்தமில்லாமல் எறும்பு மாதிரி ஏறிவிடும். வி-கிராஸ் எடுப்பவர்கள் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத மாடலை இழுவைக்கு எடுக்கவே கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

லோ ரேஞ்சுக்கு ஒரு கட்டுப்பாடு. இவை பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. தார் ரோட்டிலும் சிமென்ட் தெருவிலும் 4எச் (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில்), 4எல் எதுவாக இருந்தாலும் போட்டுக்கொண்டு திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், சக்கரம் குதிக்கும், கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் செலவு வைக்கும். மண்ணில், சரளையில், ஈரத்தில் மட்டும் போடுங்கள். கெட்டித் தரையில் நேராகப் பின்னால் தள்ளுவதற்கு ஐந்து பத்தடி என்றால் பரவாயில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் நம்மூரில் இன்னும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது, 'இழுவைக்கு மேனுவல்தான்' என்று. இந்த வேலையைப் பொறுத்தவரை அது பழைய காலத்து எண்ணம். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கிளம்பும் நேரத்தில் எஞ்சின் விசையைப் பெருக்கித் தரும். தேய்வதற்குக் கிளட்ச் தகடு இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடி நடக்கும்போது பின்னாலேயே தண்ணீரும் ஜெனரேட்டரும் போகும் அல்லவா, அதை நினைத்துப் பாருங்கள். மணிக்கு நாலைந்து கிலோமீட்டர், நாள் முழுக்க. முதல் கியரின் கீழ் வேகத்தைவிடக் குறைவு என்பதால் மேனுவலில் பாதி நேரம் கிளட்சில்தான் கால். ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் அந்த நடைக்கு அப்படியே ஒத்துப்போகும். அதற்குப் பதில் கியர் எண்ணெய் சூடாகும். 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழுவை வேலை செய்கிற வண்டிக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது அந்த எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

நடைவேகத்தில் இன்னொரு சங்கடம் டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி. பி.எஸ்.6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகள் புகைக்கரியை அதில் பிடித்து, வண்டி வேகமாக ஓடும் நேரத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கின்றன. காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடினால் அந்தச் சூடு வராது, கரி அடைந்து விளக்கு எரியும். வாரத்துக்கு ஒரு தடவை திருச்சிச் சாலையில் அரை மணி நேரம் அறுபது, எழுபதில் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எரிப்பு நடக்கும்போது எஞ்சினை அணைத்தால், அடுத்த தடவை எரிய இன்னும் நேரமாகும். அடிக்கடி அப்படி நடந்தால் எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து மட்டம் உயரும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது நல்ல சேதி அல்ல, உடனே ஆயில் மாற்ற வேண்டும். சுமையோடு வந்து நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் ஓடவிடுவது டர்போவுக்கு நல்லது. மே மாத வெயிலில் இது கட்டாயம்.

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு எங்கள் எல்லைகள் இவை. பிரேக் உள்ள டிரெய்லரோடு, மொத்தம் ஒன்றரை டன் வரை, அதாவது 30 கே.வி.ஏ. ஜெனரேட்டர் மாதிரி: வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ் போதும், மிச்சப் பணத்தில் நல்ல டிரெய்லர் செய்துகொள்ளலாம். இரண்டேகால் டன் வரை, அதாவது 62.5 கே.வி.ஏ.: ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். சாலைக்கு வரும்போது நாற்பது லட்சம் தாண்டும், தினமும் ஓடினால்தான் கட்டும். அதற்கு மேலே, 125 கே.வி.ஏ. என்று போனால் பிக்கப்பை மறந்துவிடுங்கள். அது லாரி முதுகில் ஹைட்ரா வைத்து ஏற்ற வேண்டிய சாமான். பொலேரோ கேம்பரிலும் டி-மேக்ஸ் சிங்கிள் கேபினிலும் டிரெய்லர் மாட்டுகிறார்கள். டி-மேக்ஸ் சிங்கிள் கேபினின் 2.5 லிட்டர் எஞ்சின் 78 குதிரைத்திறன், 176 நியூட்டன் மீட்டர். சுமக்கச் சளைக்காத வண்டி, இழுக்க அல்ல.

இனி கொக்கி. வண்டியைவிட இதில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. பம்பரில் போல்ட் போட்ட பளபளப்பான உருண்டை வெறும் அலங்காரம். அது பிடித்திருப்பது மெல்லிய தகட்டை. இழுவைக் கொக்கி சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, நடுவில் குறுக்குச் சட்டத்தோடு வர வேண்டும். பக்கத்துக்கு நாலு போல்ட், 12 மி.மீ., தலையில் 8.8 அல்லது 10.9 என்று (போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண்) அடித்திருக்க வேண்டும். 8.8 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, ஆயிரத்தில் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். பெயின்ட் நசுங்கி இடம் விட்டதும் முதல் இறுக்கம் தளர்ந்துவிடும். சேஸிஸில் வெல்டிங் வைக்கவே விடாதீர்கள். வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு சூட்டில் பலம் இழந்து, ஆறு மாதத்தில் அங்கேதான் மயிரிழை விரிசல் ஓடும். டிரெய்லரில் வெல்டிங் என்றால்கூட வண்டியிலிருந்து கழற்றிய பிறகுதான். மின்கம்பி மாட்டியபடியே வைத்தால் கம்ப்யூட்டர் போர்டு போய்விடும்.

நம் பக்கத்து டிரெய்லர்களில் பெரும்பாலும் வளையமும் முள்ளும்தான். டிராக்டருக்குச் சரி. பிக்கப்பில் அந்த ஆட்டம் ஒவ்வொரு பிரேக்குக்கும் முதுகில் குத்தும். வளையத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால், அல்லது முள்ளில் விளிம்பு கட்டியிருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். 50 மி.மீ. உருண்டைக் கொக்கிக்கு மாறிவிடுவது நல்லது, அதிலும் ஓவர்-ரன் பிரேக் சேர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். பிக்கப் வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கிக்குப் பின்னால் இருக்கிற தண்டை உள்ளே அழுத்தி, கேபிள் வழியாக டிரம் பிரேக்கைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், காற்று வேண்டாம். தண்டு கிரீஸ் இல்லாமல் இறுகிவிட்டால் பிரேக் பிடிக்காது அல்லது விடாது, அதனால் மாதம் ஒரு தடவை கிரீஸ் கன். சங்கிலி இரண்டு, கொக்கிக்குக் கீழே குறுக்காக, தரையில் உரசாமல். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு அந்தக் குறுக்கில்தான் விழ வேண்டும், ரோட்டில் அல்ல.

பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அறுபதில் வரும் பிக்கப் தனியாக, காய்ந்த தாரில், சுமார் 20 மீட்டரில் நிற்கும். தன் எடைக்குச் சமமான டிரெய்லரைப் பிரேக் இல்லாமல் மாட்டினால் அது 40 மீட்டர். அதுகூட நேர் சாலையில். வளைவில் அழுத்தினால் டிரெய்லர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்; மடக்குக் கத்தி மாதிரி மடங்கும். டிரைவர்கள் 'தள்ளுது' என்று சொல்வது இதைத்தான். வாலாட்ட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வது ஒன்றே வழி. பிரேக்கை மிதிப்பதும், வேகம் கூட்டி இழுத்து நேராக்கப் பார்ப்பதும் கவிழ்க்கும்.

தண்ணீர் டேங்க் இழுப்பவர்களுக்கு ஒன்று. 2,000 லிட்டர் டேங்க் பாதி நிரம்பியிருப்பது முழுதாக நிரம்பியிருப்பதைவிட மோசம். பிரேக் பிடித்ததும் ஒரு டன் தண்ணீர் முன்னால் ஓடி வந்து முட்டும், விட்டதும் பின்னால் ஓடி கொக்கியைத் தூக்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்காக இருந்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் டேங்கைக் கட்டி இழுப்பவர்கள் முழுசாகவோ காலியாகவோ மட்டும் ஓட்டுங்கள்.

ஜெனரேட்டர் டிரெய்லருக்கு முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஓய்வு. ஆடியிலும் மார்கழியிலும் ஒரே இடத்தில் நின்று, சக்கரத்துக்குள் கிரீஸ் கெட்டியாகி, டயரின் ஒரே பக்கம் பாரம் தாங்கி வெடிப்பு விடும். அடுத்த மாதம் முதல் ஓட்டத்தில்தான் பேரிங் போகும், பெரும்பாலும் இரவில். சீசனுக்கு முன் ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து பேரிங்கின் உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஏற்ற வேண்டும். மேலே பூசினால் உள்ளே போகாது. மாட்டியதும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, நட்டு கழலாமலிருக்கப் பூட்டுப் பின்னைப் போடுங்கள். பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திப் புறங்கையால் ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம் அல்லது பிரேக் விடவில்லை. ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் அந்தப் பக்கத்து பேரிங்தான். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எத்தனை மிச்சமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

விளக்குக்குக் கம்பி இழுக்கும்போது பின்விளக்கு வயரைக் கீறி முறுக்கிச் சேர்க்கிற பழக்கத்தை இந்தப் புது வண்டிகளில் விட்டுவிட வேண்டும். தனி ரிலே பெட்டி வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு மின்சாரம் எடுத்து, ஏழு முள் சாக்கெட்டில் முடிக்க வேண்டும். எர்த்தைக் கொக்கி வழியாக நம்பாதீர்கள். தனிக் கம்பி போடுங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை பிரதிபலிப்பு ஸ்டிக்கர். இருட்டில் பின் தெருவில் நிற்கிற டிரெய்லருக்கு அந்த ஸ்டிக்கர்தான் காவல்.

காகிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனி இன்சூரன்ஸ். வெள்ளை போர்டு பிக்கப்பில் வாடகைக்கு ஜெனரேட்டர் இழுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க வழி கிடைத்துவிடும். வாடகைத் தொழில் என்றால் மஞ்சள் போர்டு. அதிக எடைக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000, மிகையை இறக்கிவைக்கும் செலவு தனி.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு வி-கிராஸின் முந்தைய 2.5 லிட்டர் மாடல் கண்ணில் படும், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். இழுவைக்கு மோசமில்லை. பார்க்க வேண்டிய இடங்கள்: பின் லீஃப் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ் பிதுங்கியிருக்கிறதா, சேஸிஸின் பின்முனையில் பழைய கொக்கியின் போல்ட் ஓட்டைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, அந்த ஓட்டைகளைச் சுற்றிப் புது பெயின்ட் அடித்திருக்கிறதா. அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். தொண்டிப் பக்கம் ஓடிய வண்டி என்றால் சட்டத்தின் உள்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது, மொத்தென்று கேட்டால் துருதான் இருக்கிறது. ஒரு மண் திடலுக்குக் கொண்டு போய் 4எல் போட்டு, விளக்கு எரிகிறதா என்பதோடு நிற்காமல், முன்சக்கரமும் மண்ணைத் தள்ளுகிறதா என்று ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக மூன்றாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.